கிளாக்கோமாவில் பார்வை இழப்பை அளப்பதும் கணிப்பதும்: புதிதாக வருபவர்களுக்கு

புள்ளியியலோ கணினி அறிவியலோ படித்துவிட்டு, கண் மருத்துவத் தரவை வைத்து ஆய்வு செய்யலாம் என்று வருகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். கையில் ஒரு கோப்பு இருக்கும். அதில் ஆயிரக்கணக்கான வரிசைகள், வரிசைக்கு 54 எண்கள். "இதை வைத்து யாருக்குப் பார்வை போகும் என்று கணிக்க வேண்டும், எந்த மாடல் நல்லது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மாடலுக்கு அப்புறம் வருவோம். அந்த 54 எண்களும் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் எந்த மாடலைக் கொண்டுவந்தாலும் பயனில்லை.

நானும் அப்படி வந்தவன்தான். முதல் ஆறு மாதத்தில், சிகிச்சை தொடங்கியதும் நிறையப் பேருக்குப் பார்வை மேம்படுகிறது என்று ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுபோனேன். சோதனை அறையில் பல வருடம் வேலை பார்த்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "மருந்தால தேறலப்பா, ரெண்டாவது தடவை வர்றப்ப டெஸ்ட் பழகிடும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. முதல் ஓரிரு சோதனைகளில் பலருக்கு மதிப்பெண் குறைவாகத்தான் வரும். பட்டனை எப்போது அழுத்துவது என்று பிடிபட்டதும் ஏறிவிடும். அதனால்தான் பல ஆய்வுகளில் முதல் சோதனையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளாக்கோமாவில் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பின் இழைகள் மெல்ல மெல்ல மடிகின்றன. கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் பெரிய காரணி. இன்றைக்கு நம்மால் குறைக்க முடிவதும் அது ஒன்றைத்தான். அழுத்தம் சாதாரணமாக இருக்கும்போதே நோய் வருபவர்களும் உண்டு. போன பார்வை திரும்பாது. பெரும்பாலும் ஓரங்களில் தொடங்குவதாலும், ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடுவதாலும், நோயாளிக்கே வெகுகாலம் தெரியாது. ஆகவே அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் நீங்களே சோதனைக்கு உட்காருங்கள்

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கேட்டு, பார்வைப் பரப்புச் சோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். எல்லாரும் ஃபீல்ட் டெஸ்ட் என்றுதான் சொல்வார்கள். உலகில் அதிகம் புழங்கும் கருவி ஹம்ஃப்ரி.

அரையிருட்டு அறை. ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எதிரே கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வெள்ளைக் குழிவு. நடுவில் மஞ்சள் விளக்கு. அதை விட்டுக் கண்ணை நகர்த்தக் கூடாது. சுற்றிலும் எங்காவது ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி 0.2 நொடி வந்து மறையும். தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும்.

இரண்டாவது நிமிடத்திலேயே ஒன்று புரியும். பல வெளிச்சங்கள் 'தெரிந்ததா, தெரிந்த மாதிரி இருந்ததா' என்ற சந்தேகத்தில்தான் வரும். கருவி வேண்டுமென்றே அப்படிச் செய்கிறது. பாதி தடவை தெரிந்து பாதி தடவை தெரியாமல் போகும் வெளிச்ச அளவைத் தேடிப் பிடிப்பதுதான் அதன் வேலை. அதனால் நல்ல கண் உள்ளவருக்கும் தோற்றுப்போகிற உணர்வு வரும். ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குழிவே புகை மூட்டம் போல மங்கும், இமைத்ததும் தெளியும். கழுத்து வலிக்கும். ஒரு கண்ணுக்கு ஐந்து, ஆறு நிமிடம் ஆன பிறகு மனம் எங்கோ போய்விடும். எழுபது வயதில், மூன்று பஸ் மாறி வந்து, காலையிலிருந்து வரிசையில் காத்திருந்துவிட்டு இதைச் செய்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் அந்தக் கழுத்து வலி இருக்கிறது.

அடுத்தது, எண்களைப் படிப்பது

எண்கள் டெசிபெல்லில் இருக்கும். இங்கே 0 டெசிபெல் என்பது கருவியால் காட்ட முடிந்த மிகப் பிரகாசமான வெளிச்சம். 10 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, 20 என்றால் நூறில் ஒரு பங்கு, 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. எவ்வளவு மங்கலான வெளிச்சம் தெரிகிறதோ அவ்வளவு பெரிய எண். நல்ல கண்ணில் பல புள்ளிகள் 30-ஐ ஒட்டி இருக்கும். மிகப் பிரகாசமானதும் தெரியாவிட்டால் '0-க்குக் கீழே' என்று அச்சாகும். உங்கள் கோப்பில் அதை எந்த எண்ணாக மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சராசரி எடுக்கும்போது அந்த ஒரு முடிவு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

பரவலாகச் செய்யப்படும் வடிவம் 24-2. ஆறு டிகிரி இடைவெளியில் 54 புள்ளிகள். அதில் இரண்டு, பார்வை நரம்பு வெளியேறும் இடத்துக்கு நேரான குருட்டுப் புள்ளியில் விழும். அவற்றை விட்டுவிட்டு 52-ஐ வைத்துக்கொள்வார்கள். குருட்டுப் புள்ளி காதுப் பக்கம் இருப்பதால் இடக்கண்ணும் வலக்கண்ணும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும். இடக்கண் தரவைத் திருப்பி வலக்கண் வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே சேர்க்க வேண்டும். ஏற்கெனவே திருப்பிக் கொடுத்த கோப்பை இன்னொருமுறை திருப்பிவிட்டவர்களும் உண்டு. குருட்டுப் புள்ளி எந்தப் பக்கம் விழுகிறது என்று வரைந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அச்சான தாளின் ஓரத்தில் சில சுருக்க எண்கள் இருக்கும். எம்.டி. என்பது அதே வயதுக்காரர்களின் சாதாரணப் பார்வையிலிருந்து இந்தக் கண் சராசரியாக எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. 0-வை ஒட்டி இருந்தால் நல்லது. −6 வரை ஆரம்ப நிலை, −6 முதல் −12 வரை நடுநிலை, அதற்குக் கீழே கடுமையான நிலை என்று பொதுவாகப் பிரிப்பார்கள். கண்புரை வந்தாலும் எம்.டி. இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். பி.எஸ்.டி. என்பது குறை எவ்வளவு மேடுபள்ளமாக இருக்கிறது என்று சொல்வது. நோய் முற்றி எல்லாப் புள்ளிகளும் போய்விட்டால் மேடுபள்ளமும் இருக்காது, எண் மறுபடி குறையும். அதனால் முற்றிய நோயாளிகளில் பி.எஸ்.டி.யை வைத்துப் போக்கு பார்க்கவே கூடாது. வி.எஃப்.ஐ. என்ற சதவீதத்தை 2008-இல் சுவீடனின் பெங்ட்சனும் ஹெய்லும் கொண்டுவந்தார்கள். நடுப்பார்வைக்கு அதிக எடை கொடுப்பது. நோயாளியிடம் விளக்க வசதியானது. ஆனால் 100-ஐ ஒட்டிய இடத்தில் சிறு இழப்புகளைக் காட்டாது. ஆய்வுக்கு நான் 52 எண்களையும் நேரடியாகப் பார்க்கவே சொல்வேன்.

நம்பகத்தன்மைக்கும் மூன்று எண்கள் உண்டு. வெளிச்சம் வராதபோதே பட்டனை அழுத்தியது, குருட்டுப் புள்ளியில் காட்டியபோது 'தெரிகிறது' என்றது, முன்பு தெரிந்ததைவிடப் பிரகாசமாகக் காட்டியும் தெரியவில்லை என்றது. முதலாவது 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தாளைச் சந்தேகப்படுங்கள். கண் உண்மையில் இருப்பதைவிட நன்றாக இருப்பது போலத் தாளில் தெரியும். மூன்றாவதைக் காட்டி நோயாளியைக் குறை சொல்லக் கூடாது. சேதமான கண்ணின் பதில் இயல்பிலேயே தடுமாறும், அதனாலேயே அந்த எண் ஏறும். அதை வைத்து வடிகட்டினால் மோசமான நிலையில் இருப்பவர்களைத்தான் ஆய்விலிருந்து வெளியே தள்ளுவீர்கள்.

இரைச்சலோடு பழகுங்கள்

கண் மாறாமலே எண் ஏறி இறங்குவதைத்தான் இரைச்சல் என்கிறோம். இந்தத் துறையின் முக்கால்வாசிக் கடினம் இங்கேதான் இருக்கிறது. ஒரே கண்ணை இன்றைக்கும் அடுத்த வாரமும் சோதித்தால் 30 டெசிபெல் புள்ளி பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். 10 டெசிபெல் புள்ளி அப்படியல்ல. அடுத்த முறை 0 வரலாம், 20 கூட வரலாம். நோய் முற்ற முற்ற அளவுகோலே ஆடுகிறது. சுமார் 15 முதல் 19 டெசிபெல்லுக்குக் கீழே வெளிச்சத்தைக் கூட்டினாலும் பதில் அவ்வளவாக மேம்படுவதில்லை என்று கார்டினர் முதலியோர் 2014-இல் காட்டினார்கள். அதாவது அந்த எல்லைக்குக் கீழே 12-க்கும் 7-க்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

எம்.டி.யும் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு டெசிபெல் ஏறி இறங்கும். இரண்டு தாள்களை அருகருகே வைத்து 'மோசமாகிவிட்டது' என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

இரைச்சலையும் மாற்றத்தையும் பிரிக்க எனக்கு மிகப் பிடித்த வழி, கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஓ'லியரி, சௌஹான், ஆர்ட்டஸ் மூவரும் 2012-இல் வெளியிட்டது. சீட்டுக்கட்டை வைத்து விளக்கலாம். ஒருவர் ஏழு முறை வந்திருக்கிறார். ஒவ்வொரு வருகையையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். கண் மாறவே இல்லை என்றால் அந்தச் சீட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினாலும் ஒன்றுதான். ஏழு சீட்டுகளை 5,040 விதமாக அடுக்கலாம். ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு சரிவு தெரிகிறது என்று கணக்கிடுங்கள். உண்மையான தேதி வரிசையில் வரும் சரிவு, குலுக்கிப்போட்ட வரிசைகளில் பெரும்பாலானவற்றைவிடக் கடுமையாக இருந்தால், அது தற்செயல் அல்ல என்று சொல்லலாம். குலுக்கும்போது ஒரு வருகையின் 52 எண்களும் சேர்ந்தே நகர வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே நாளில் சேர்ந்து ஏறி இறங்கும் தன்மை அப்போதுதான் கெடாது. இன்னொரு அழகு, ஒப்பிட வெளியிலிருந்து யாரும் தேவையில்லை. தடுமாற்றம் அதிகமுள்ளவரை அவரோடு அவரையே ஒப்பிடுகிறோம்.

பழகிப் பார்க்கத் தரவு வேண்டுமென்றால், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 3,871 பேரின் 28,943 சோதனைகளைப் பெயர் நீக்கித் திறந்தே வைத்திருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமிலிருந்தும் நீண்டகாலத் தரவு கிடைக்கிறது. ஆர் மொழி தெரிந்தால் 'விஷுவல்ஃபீல்ட்ஸ்' என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன குலுக்கல் முறை அதிலேயே இருக்கிறது.

அப்புறம், சரிவின் வேகம்

'மோசமாகிறதா' என்பதைவிட 'எவ்வளவு வேகமாக' என்பதுதான் நோயாளிக்குத் தேவையான பதில். காலத்தை எதிர்வைத்து எம்.டி.க்கு ஒரு நேர்கோடு போடுவதுதான் அடிப்படை. ஒரு கணக்கு பாருங்கள். ஒருவருக்கு 48 வயது, எம்.டி. −4, வருடத்துக்கு 1 டெசிபெல் இறங்குகிறது. இப்படியே போனால் 68 வயதில் −24. ஆய்வுகளில் −22-ஐப் பார்வை போய்விட்டதற்கான எல்லையாக வைப்பதுண்டு. அதை அவர் 66 வயதிலேயே தொட்டுவிடுவார். இன்னொருவருக்கு 80 வயது, எம்.டி. −8, வருடத்துக்கு 0.5 இறங்குகிறது. 90 வயதில் −13. இன்றைக்கு யாருடைய தாள் மோசம் என்று கேட்டால் பெரியவருடையது. யாரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும் என்று கேட்டால் 48 வயதுக்காரரை.

இந்த வேகத்தைக் கண்டுபிடிக்க எத்தனை சோதனை வேண்டும்? சௌஹான் குழு 2008-இல் சொன்ன பரிந்துரை, முதல் இரண்டு ஆண்டில் ஆறு. வருடத்துக்கு 2 டெசிபெல் என்று வேகமாக இழப்பவரை இரண்டு ஆண்டுக்குள் பிடிக்க வருடத்துக்கு ஒன்று என்பது போதாது. நடைமுறையில் இத்தனை முறை வரச் சொல்வது எல்லா இடத்திலும் முடிகிற காரியம் அல்ல என்பதும் உண்மை. அப்போது சோதனைகளை எங்கே வைப்பது என்று யோசிக்கலாம். சமமாகப் பரப்புவதைவிடத் தொடக்கத்தில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் என்று இரு முனையிலும் குவித்தால் கோட்டின் சாய்வு உறுதியாகக் கிடைக்கும். நீளமான பலகையை இரண்டு முனையிலும் பிடித்தால் ஆடாதல்லவா, அதே கணக்கு. லண்டனின் டேவிட் கிராப், கார்வே-ஹீத் ஆகியோர் இதை முன்வைத்தார்கள். 2015-இல் முடிவு வெளியான பிரிட்டன் கிளாக்கோமா சிகிச்சை ஆய்வில் இந்த யோசனை பயன்பட்டது. 516 பேருக்கு லட்டானோபிராஸ்ட் சொட்டு மருந்தோ மருந்தில்லாத சொட்டோ கொடுத்து, இரண்டே ஆண்டில் வித்தியாசத்தைக் காட்ட முடிந்தது. அதற்கு முன் இத்தகைய ஆய்வுகள் ஐந்து வருடமும் அதற்கு மேலும் ஓடும்.

நரம்பின் பாதையைப் பாருங்கள்

52 எண்களை வெறும் கட்டமாக நினைத்து, படங்களுக்கான மாடலில் போடுகிறவர்களிடம் நான் இதை வற்புறுத்துவேன். விழித்திரையில் நரம்பிழைகள் வில்போல வளைந்து நரம்பின் தலைக்கு, அதாவது நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்துக்கு, போய்ச் சேர்கின்றன. மேலிருப்பவை மேலே, கீழிருப்பவை கீழே, நடுக்கோட்டைக் கடப்பதில்லை. ஆகவே நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒட்டியிருக்கும் இரண்டு புள்ளிகள் படத்தில் பக்கத்து வீடு, உடலில் வேறு வேறு ஊர். ஒரே வில்லில் இருக்கும் இரண்டு புள்ளிகள் தூரத்தில் இருந்தாலும் சேர்ந்தே இழக்கும். எந்தப் புள்ளி நரம்புத் தலையின் எந்தப் பகுதியோடு சேரும் என்று கார்வே-ஹீத் குழு 2000-இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் எல்லாரும் பயன்படுத்துவது. அதை அச்சிட்டு மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஓ.சி.டி. ஸ்கேன் இழைகளின் தடிமனையே மைக்ரானில் அளக்கும். பட்டன் அழுத்தத் தேவையில்லை, ஆரம்பத்தில் நன்றாகப் பேசும். ஆனால் சுமார் 50 மைக்ரானை ஒட்டி நின்றுவிடும். இழைகள் போன பிறகும் மிச்சத் திசுவும் ரத்தக்குழாயும் அங்கே இருக்கும். எனவே ஆரம்பத்தில் ஸ்கேன், பிற்பாடு ஃபீல்ட் என்று எடையை மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

இப்போது கணிப்பு

அமெரிக்காவில் கண் அழுத்தம் கூடுதலாக இருந்த, ஆனால் நோய் இன்னும் வராத 1,636 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. ஐந்து ஆண்டில் மருந்து போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு நோய் தொடங்கியது, போட்டவர்களில் 4.4. வயது, அழுத்தம், கருவிழியின் (கார்னியாவின்) நடுத் தடிமன், நரம்புத் தலையின் குழிவு விகிதம், பி.எஸ்.டி. என்ற ஐந்தை வைத்து ஒருவரின் அபாயத்தைச் சொல்லும் கணக்கு அதிலிருந்து பிறந்தது. கருவிழி மெலிதாக இருப்பது இவ்வளவு முக்கியம் என்று பலர் உணர்ந்தது அப்போதுதான். சுவீடனின் மால்மோ, ஹெல்சிங்போரி ஊர்களில் 255 பேரை வைத்து நடந்த ஆய்வோ, அழுத்தம் 1 மி.மீ. பாதரசம் குறைந்தால் மோசமாகும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்றது. உங்கள் மாடல் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் இந்த எளிய காரணிகளைவிட எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறது என்று காட்டத்தான் வேண்டும்.

அதோடு இரண்டு எளிய போட்டியாளர்களையும் வைத்துக்கொள்ளுங்கள். 'கடைசியாக வந்த எண்ணே அடுத்த முறையும் வரும்' என்பது ஒன்று, நேர்கோடு இன்னொன்று. குறுகிய காலக் கணிப்பில் முதலாவதை வெல்வதே சிரமம். மாடலைப் பழக்க ஒரு பங்கு, அதைச் சரிபார்க்க ஒரு பங்கு என்று தரவைப் பிரிக்கும்போது ஆளை வைத்துப் பிரியுங்கள். வருகையை வைத்தோ கண்ணை வைத்தோ பிரிக்காதீர்கள். ஒருவரின் வலக்கண் இங்கேயும் இடக்கண் அங்கேயும் இருந்தால் மாடல் நோயைக் கற்காது, அந்த ஆளைக் கற்றுக்கொள்ளும்.

சிகிச்சை தரவைக் கோணலாக்குவதையும் கவனியுங்கள். மோசமாகிறவருக்கு மருத்துவர் மருந்தைக் கூட்டுவார், அறுவை செய்வார், அப்புறம் கோடு தட்டையாகும். மருந்து அதிகம் வாங்கியவர்களே அதிகம் இழந்தவர்கள் என்று மாடல் கற்றுக்கொண்டால் அதில் வியப்பில்லை. வராமல் நின்றுபோனவர்கள் நலமாக இருப்பதால் நின்றார்களா, இயலாமல் நின்றார்களா என்பதும் கோப்பில் இருக்காது.

நம் ஊருக்கு இதில் தனிக் கவனம் தேவை. சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் திறந்தகோண கிளாக்கோமா என்ற வகை கிராமத்தில் 1.62 சதவீதம், நகரத்தில் 3.51 சதவீதம். கிராமத்தில் கண்டறியப்பட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்குமே அதுவரை தங்களுக்கு நோய் இருப்பது தெரியாது. சியாட்டில் மருத்துவமனைக்குத் தவறாமல் வருகிறவர்களின் தரவில் பழகிய மாடலைக் கொண்டுவந்து, முதன்முறையாக அந்தக் கிண்ணத்துக்கு முன் உட்காரும் இவர்களுக்குப் பொருத்துவதற்கு முன் இங்கே மறுபடி சோதித்தே ஆக வேண்டும்.

கடைசியாக, ஆளிடம் கேளுங்கள்

கிளாக்கோமா என்றதும் சுற்றிலும் கறுப்பும் நடுவில் வட்டமுமாக ஒரு படத்தைப் போடுவார்கள். லண்டனில் கிராப் குழு 50 நோயாளிகளிடம் சில படங்களைக் காட்டி, உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டது. 2013-இல் வெளியான அந்த ஆய்வில் கறுப்புச் சுரங்கத்தையோ கறுப்புத் திட்டுகளையோ ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. மங்கலான பகுதி, இல்லாமல் போன பகுதி என்றே பலர் சொன்னார்கள். தாளில் கறுப்பாக அச்சாகும் இடத்தை மூளை சுற்றியுள்ளதை வைத்து நிரப்பிவிடுகிறது. 'கறுப்பாகத் தெரிந்தால் வாருங்கள்' என்று சொல்லி அனுப்பினால் யாரும் வரமாட்டார்கள்.

வாழ்வது இரண்டு கண்ணோடும் சேர்ந்து என்பதால் இரண்டு தாள்களையும் ஒன்றாக்கிப் பாருங்கள். ஒரே இடத்துக்கு வலக்கண்ணில் ஓர் எண், இடக்கண்ணில் ஓர் எண். இரண்டில் பெரியதை எடுத்தால் இரு கண்ணும் சேர்ந்த பார்வைப் பரப்பு தோராயமாகக் கிடைத்துவிடும். பத்து வரி நிரல் போதும். இதற்கு இடக்கண்ணைத் திருப்பக் கூடாது, இருந்தபடியே வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் இதைச் செய்யத் தொடங்கியது ஒரு பாட்டியால். சோதனை முடிந்து வெளியே வந்தவர், "எல்லாம் நல்லாத்தான் தெரியுது தம்பி, மாடிப்படி எறங்குறப்ப கடைசிப் படி மட்டும் இருக்க மாட்டேங்குது" என்றார். எம்.டி. ஒரு கண்ணில் −7, மற்றதில் −8. நடுநிலை என்று எழுதி நகர்ந்துவிடக்கூடிய எண்கள்தான். இரண்டையும் சேர்த்து வரைந்தபோது மேல் பாதி முழுக்க நன்றாக இருந்தது. கீழ்ப் பாதியில், நடுக்கோட்டுக்குச் சற்றே கீழே, இரு கண்ணிலும் ஒரே இடம் போயிருந்தது. அன்றிலிருந்து கீழ்ப் பாதியின் சராசரியை எல்லாத் தரவிலும் தனி நெடுவரிசையாக வைத்துக்கொள்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.